இரண்டு முறை விடிந்த வெள்ளிக்கிழமை

"எவ்வளவு தூரம்?" என்று அம்மா ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை அடுத்த நுவார்க் விமான நிலையத்துக்கு, நூல் பிடித்து அளந்தால் ஏறத்தாழ 15,340 கிலோமீட்டர். அந்த நூல் வட துருவத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு போகும். ஆனால் விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. பசிபிக் கடலின் மேலே கிழக்கு நோக்கி வீசும் பெருங்காற்றின் முதுகில் ஏறிக்கொள்கிறது. விமான நிறுவனம் சொல்லும் பறப்புத் தூரம் ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர். வழி நீண்டாலும் நேரம் மிச்சமாகிறது. விமானப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

2019 ஜூன், ஒரு வியாழக்கிழமை இரவு 11.35க்குப் புறப்பாடு. கால அட்டவணைப்படி 18 மணி 25 நிமிடப் பயணம். இதே தடத்தில் 2004 முதல் 2013 வரை நான்கு எஞ்சின் விமானம் பறந்தது. எரிபொருள் செலவு தாங்காமல் நிறுத்தினார்கள். 2018 அக்டோபரில் சேவை திரும்பியபோது வந்தது இரண்டு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ350. அதில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். இருக்கைகள் 161 மட்டுமே, சாதாரண வகுப்பே கிடையாது. அக்கா இரண்டாவது குழந்தைக்காகக் காத்திருந்தாள். இடையில் இறங்கி ஏற அம்மாவின் முழங்கால் இடம் தராது. அதனால்தான் இந்தச் செலவுக்கு மனம் துணிந்தது.

நான்கு மணி நேரம் கழிந்திருக்கும். ஜன்னல் ஓரம் சிவந்தது. அம்மா கைகூப்பினார். வெள்ளிக்கிழமை அவருக்கு ஒருபொழுது. நாற்பது ஆண்டுகளாக விட்டதில்லை. பணிப்பெண் கொண்டுவந்த தட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பால் மட்டும் வாங்கிக்கொண்டார்.

சிக்கல் அதன் பிறகுதான். திரையில் எங்கள் சிறு விமானம் சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடந்தது. கிழக்கு நோக்கி அதைத் தாண்டினால் நாட்காட்டி ஒரு நாள் பின்னே போகும். "அம்மா, இப்போது மறுபடியும் வியாழக்கிழமை" என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. கீழே கடல், மேகம், மீண்டும் கடல். "வியாழன் என்றால் சாப்பிடலாம்தானே?" என்று கேட்டபோது அந்தக் குரலில் பசியைவிடக் கவலையே அதிகம் தெரிந்தது. சாப்பிடலாம் என்றேன். சோறும் பருப்பும் வந்தன. பாதிதான் இறங்கியது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரை எழுப்பி நடக்கவைத்தேன். கால் வீங்கிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு. அலாஸ்காவுக்குத் தெற்கே எங்கோ பொழுது சாய்ந்தது. அந்தப் பகல் ஒன்பது மணி நேரம்கூட நீடித்திருக்காது. கனடாவின் மேலே முழு இருட்டு. அம்மா தூங்கினார், எனக்குத் தூக்கம் வரவில்லை, திரையில் நகரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நுவார்க்கில் சக்கரம் தரையைத் தொட்டபோது அம்மாவின் கைக்கடிகாரம் 5.50 காட்டியது. கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். முள்ளைத் திருப்ப வேண்டியதே இல்லை. சிங்கப்பூரின் மாலை இங்கே காலை, அவ்வளவுதான். வெளியே கீழ்வானம் வெளுத்திருந்தது.

"இது என்ன கிழமை?"

"வெள்ளிம்மா. அதே வெள்ளி."

அக்கா வீட்டில் இட்லி ஆவி பறக்கக் காத்திருந்தது. அம்மா குளித்துவிட்டு வந்து, விளக்கேற்றி, ஒரு டம்ளர் பால் மட்டும் கேட்டார்.