வேலிக்கு அடியில்

ஒரு விலங்கு முள்கம்பி வேலிக்கு முன்னால் வந்து நின்றது. தாண்டப் போகிறது என்று போனைத் தூக்கினேன்.

தாண்டவில்லை. முன்னங்காலை மடக்கி, வயிறு புழுதியில் தேய, கீழ்க்கம்பிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் எழுந்தது. கம்பியில் நாலைந்து வெள்ளை முடி ஆடிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், டாப்பனிஷ் ஊரைத் தாண்டி 97ஆம் எண் நெடுஞ்சாலை. இது பிராங்ஹார்ன். பார்க்க மான் மாதிரி, ஆனால் மான் இல்லை. இன்று உயிரோடிருக்கிற நெருங்கிய சொந்தம் ஒட்டகச்சிவிங்கியாம்! மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். தாவ மட்டும் பழகவே இல்லை. திறந்த புல்வெளியில் எதைத் தாவுவது?

இந்த மாநிலத்தில் இவை அற்றே போயிருந்தன. 2011 ஜனவரியில் நெவாடாவிலிருந்து 99 பிராங்ஹார்ன்களை ஏற்றிவந்து தங்கள் நிலத்தில் விட்டவர்கள் யாக்கமா பழங்குடியினர். அரசாங்கம் செய்திருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சரி, திரும்பி வந்தாயிற்று. இல்லாத நாட்களில் ஊரெல்லாம் வேலி முளைத்துவிட்டதே! கீழ்க்கம்பியை முள்ளில்லாததாக, தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்திக் கட்டினால் போதும். முதுகு கிழியாமல் நுழைந்துவிடும்.

கடைசியில் என் போனில் இருப்பது, முடி தொங்கும் அந்தக் கம்பி மட்டும்தான்.