கழுதைக் குரலும் கீஸ்லோவ்ஸ்கியும்

போலந்துக் குழந்தைகளிடம் நடிகர் ஜெர்சி ஸ்டூரைத் தெரியுமா என்றால் பலரும் விழிப்பார்கள். 'ஷ்ரெக்' படத்தின் கழுதை என்றால் போதும். போலிஷ் மொழியில் அந்த ஓட்டைவாய்க் கழுதைக்குக் குரல் அவர்தான்.

அதே மனிதர்தான் போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் 'கேமரா பஃப்' (1979) நாயகன். பிறந்த குழந்தையைப் படம்பிடிக்க 8 எம்எம் கேமரா வாங்கும் சாதாரணத் தொழிற்சாலை ஊழியன். பித்து தலைக்கேறி, மனைவி வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்திலும் விரல்களால் ஃப்ரேம் கட்டிப் பார்ப்பான். கோபம் வரவேண்டிய இடம்தான், ஆனால் ஸ்டூர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது! வில்லத்தனமே இல்லாமல் ஒரு சுயநலத்தை எப்படி நடிப்பது என்று அங்கே பார்க்கலாம்.

இதெல்லாம் சினிமா. அவருடைய தாய்வீடு என்னவோ போலந்தின் கிராகோவ் நகரிலுள்ள ஸ்டாரி தியேட்டர்தான். இயக்குநர் ஆந்த்ரே வாய்தாவின் 'குற்றமும் தண்டனையும்' நாடகத்தில் விசாரணை அதிகாரி போர்ஃபிரி அவர். ஜெர்மன் எழுத்தாளர் சுஸ்கின்ட் எழுதிய 'டபுள் பேஸ்' என்ற ஓராள் நாடகத்தைப் பல்லாண்டுகள் தனியாகவே மேடையேற்றினார். நடுவில் கிராகோவ் நாடகப் பள்ளிக்கு ரெக்டர் (தலைவர்) வேலை வேறு.

'லவ் ஸ்டோரீஸ்' (1997) அவரே இயக்கியது. பேராசிரியர், பாதிரியார், ராணுவ அதிகாரி, கைதி என நான்கு வேடம். மேக்கப்பை அப்பிக்கொள்ளாமல் நான்கு பேராக நிற்கிறார், நம்ம ஊரில் இது நடக்குமா?

2024 ஜூலையில், 77 வயதில் காலமானார். புதிதாகப் பார்ப்பவர்கள் இத்தாலிய இயக்குநர் நானி மொரெட்டியின் 'ஹபேமுஸ் பாபம்' படத்தில் தொடங்கலாம். போப் காணாமல்போனதை மறைக்க வாடிகன் செய்தித் தொடர்பாளராக அவர் படும் பாடு இருக்கிறதே, செம!