ஜவ்வாது மலை: பொங்கல் விடுமுறையில் கப்பி ரோடு

ஜனவரி 11, ஞாயிறு, வாணியம்பாடி

சைக்கிளின் பின் டயரைப் பிரித்தேன். முள் குத்தினால் ஓட்டையைத் தானே அடைக்க உள்ளே ஊற்றியிருந்த சீலண்ட் திரவம் முழுக்கக் காய்ந்து, ரப்பர் ஆடையாகச் சுருண்டு கிடந்தது. நம் ஊர் வெயிலுக்கு அது மூன்று மாதம் தாங்கினாலே அதிகம். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். ஏரிக்கரை ஓரம் ஒரு சுற்றுப் போனாலே சீமைக்கருவேல முள் ஏறும் ஊரில், இது இல்லாமல் கிராவல் பைக் (கப்பி, மண் ரோட்டுக்கான சைக்கிள்) வைத்திருப்பது வீண் செலவு.

டயர் அகலம் 43 மி.மீ. என் எடை 72 கிலோ. காற்று முன்னால் 28, பின்னால் 32 பிஎஸ்ஐ. ரோட் பைக் ஓட்டுகிறவர்கள் பார்த்தால் பஞ்சர் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். ஜல்லிமேல் டயர் அமுங்கிக் கொடுத்தால்தான் பிடிப்பு. கெட்டியாக ஏற்றினால் ஒவ்வொரு கல்லும் தூக்கிப் போடும், மாலைக்குள் கைவிரல் மரத்துவிடும்.

ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர் வரை தார் ரோடுதான். எனக்கு வேண்டியது அதற்கு அப்புறம், குக்கிராமங்களுக்குப் பிரிந்து போகும் கப்பியும் செம்மண்ணும்.

ஜனவரி 14, புதன், போகி

ஊரெல்லாம் புகை. பையில் இரண்டு டியூப், டயர் ஓட்டையில் செருகி அடைக்கும் ரப்பர் திரி, கைப் பம்பு, கடலை மிட்டாய். மச்சான் வருகிறான். அவன் சைக்கிள் பழைய எம்.டி.பி. (மலை சைக்கிள்), கனம். காலுக்கு நல்லது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 16, வெள்ளி, மாட்டுப் பொங்கல்

ஆலங்காயம் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். கியரை முன்னால் 40 பல், பின்னால் 42 பல்லுக்கு மாற்றிக்கொண்டு, பேச்சு மூச்சு இல்லாமல் மிதித்தோம். காலை வெயில் ஏறுவதற்குள் மூங்கில் புதர் நிழல் வந்துவிட்டது, பிழைத்தோம்.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்து வாசலில் தண்ணீர் குடிக்க நின்றோம். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இங்கே இருக்கிறது. மச்சானுக்கு அதைவிட 1972-இல் வந்த 1 மீட்டர் தொலைநோக்கியின் கதைதான் பிடித்தது. வந்த வேகத்திலேயே வியாழனின் துணைக்கோள் கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தைக் காட்டிய கருவி அது. “இவ்வளவு தூரம் பாக்கறாங்க, ஒரு டீக்கடை வைக்கலயே” என்றான்.

வழிநெடுகக் கொம்புக்குப் பெயின்ட் அடித்த மாடுகள். ஜமுனாமரத்தூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கல். ராத்திரி சாமைச் சோறும் கொள்ளு ரசமும். குளிர் நன்றாகவே இருந்தது.

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

இன்றைக்குத்தான் வந்த வேலை.

மலையில் யாரிடமும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கக்கூடாது. “தோ, கிட்டதான்” என்பார்கள். அவர்கள் நடையில் அது நிஜமும்கூட. எந்த வண்டி போகும் என்றுதான் கேட்க வேண்டும். பஸ் போகும் என்றால் தார், நமக்கு அங்கே வேலையில்லை. பால் டெம்போ போகும் என்றால் இறுகிய கப்பி, ஜாலியாகப் போகலாம். டிராக்டர் என்றால் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கும், நடுத்திட்டில் புல். டூவீலர் மட்டும் என்றால் ஒற்றைச் செம்மண் தடம், அதுதான் அருமையான பாதை. “ஆடுதான் போவும்” என்றால் சைக்கிளைத் தோளில் ஏற்றத் தயாராக வேண்டும். இந்தக் கணக்கு எந்த மேப்பிலும் இல்லை. மேப்பில் எல்லாமே ஒரே வெள்ளைக் கோடு.

முதல் பிரிவு பால் டெம்போ ரகம். அதை அடுத்து டிராக்டர் ரகம். கப்பி ரோட்டுக்கு ஜல்லியைக் கொட்டி, மேலே கிராவல் மண் பரப்பி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டுவார்கள். நாலு மழைக்காலம் போனால் மண் கரைந்து ஜல்லி மட்டும் பல்லை இளிக்கும். அப்படி ஒரு இறக்கம். உடம்பைப் பின்னால் தள்ளி, முழங்கையைத் தளர்த்தி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறங்கினேன். பாதியில் சுர்ரென்று சத்தம். டயரின் பக்கச் சுவரில் ஒரு விரல்நகம் நீளத்துக்குக் கிழிசல். வெள்ளை சீலண்ட் அதன் வழியே நுரைத்துக்கொண்டு வந்தது. திரி வைத்துப் பார்த்தேன், காற்று ஏற ஏறப் பிதுங்கி வெளியே விழுந்தது. மேல் பட்டையில் ஓட்டை என்றால் திரி நிற்கும், பக்கச் சுவரில் நிற்காது. மச்சான் குடித்து முடித்த மாம்பழ ஜூஸ் டப்பாவை நறுக்கி, உள்பக்கம் மடித்து வைத்து, டியூப் போட்டேன். மாலை வரை அசையவில்லை.

கீழே நாலைந்து வீடு. சாணி மெழுகிய களத்தில் ஒரு ஆயா கொள்ளுச் செடியைப் பரப்பிக் கோலால் அடித்துக்கொண்டிருந்தார். வெடித்த நெற்றிலிருந்து கொள்ளு எங்கள் கால்வரை தெறித்தது.

“எங்கப்பா போறீங்க?”

“சும்மா சுத்திப் பாக்க, ஆயா. ரோடு நல்லா இருக்கு.”

“இதா நல்லா இருக்கு? தார் போட்டா அதுமேல கொள்ள கொட்டிட்டுக் குந்திக்குவேன். போற வர வண்டி மெரிச்சிடும். நா எதுக்குக் கோல் புடிக்கறேன்?”

மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தான். தார் ரோடு வேண்டாம் என்று மனசுக்குள் வேண்டிக்கொள்ளும் ஆள் நான். அதை ஆயாவிடம் எப்படிச் சொல்வது? டம்ளர் நிறைய மோர் வேறு கொடுத்துவிட்டார்.

அங்கிருந்து டூவீலர் தடம். கடுக்காய் மரமும் நெல்லியும் இரண்டு பக்கமும் குனிந்து நிற்க, சருகு மூடிய செம்மண்ணில் டயர் சத்தமே இல்லாமல் ஓடியது. ஒரு திருப்பத்தில் வனத்துறைப் பலகை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம், சட்டம் 1882-ஆம் வருஷத்தது. சந்தன மரத்துக்குப் பேர்போன மலை இது, வெட்டிய கட்டைகளை வைக்கத் திருப்பத்தூரில் அரசுக் கிடங்கே இருக்கிறது. முதுகில் பையோடு காட்டுக்குள் திரிகிறவனை யாரும் சும்மா விடமாட்டார்கள். ஊருக்கு ஊர் போகும் வழி மட்டும் போதும் என்று திரும்பினோம்.

ஜனவரி 18, ஞாயிறு

இறக்கம். தார் ரோடு, கவனிக்க ஒன்றும் இல்லை. அதனால் ஆயா சொன்னதே தலைக்குள் ஓடியது.

இந்தத் தடங்கள் மண்ணாகவே இருப்பதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் காப்புக்காடு படுத்திருக்கிறது. 1980-இல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுக்க மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் ஒரு வழி விட்டது: கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு வேலைக்கு 1 ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் ரோடு போடலாம். 5 மீட்டர் அகல ரோடு என்றால் அந்த 1 ஹெக்டேர் 2 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் தூரம் உள்ள ஊர்? ஃபைல்தான் நடக்கும்.

ஜனவரி 21, புதன்

புது டயர் ஆர்டர் போட்டாச்சு, இந்த முறை பக்கச் சுவர் தடிமனானது. 60 கிராம் கூடுதல், பரவாயில்லை.

சைக்கிள் குழுவில் ஐந்தாறு பேர், போன வழியைப் பதிந்த ஜிபிஎக்ஸ் ஃபைல் கேட்கிறார்கள். பால் டெம்போ, டிராக்டர் ரகம் வரை அனுப்பிவிட்டேன். டூவீலர் தடத்தை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். ஒருத்தர் பலகையைப் பார்க்காமல் நேராகப் போனாலும், விசாரணை அந்த நாலைந்து வீட்டு வாசலில்தான் நடக்கும். வேண்டுமென்றால் என்னோடு வரட்டும். புளி உலுக்கும் சமயத்தில் மறுபடி போகலாம் என்றிருக்கிறேன். மச்சான் இன்னும் பதில் சொல்லவில்லை, முட்டி வலியாம்.