இரண்டரை நாள் திருமலையும் ஒரு கொத்துப் பந்தயமும்

யாழ்ப்பாணத்தில் நான் ஏறிய பஸ் வவுனியாவில் நின்றபோது நண்பன் ஒருவன் ஏறிக்கொண்டான். கையில் ஒரே ஒரு பை, அதில் பாதி முறுக்கு. ஹொரவப்பொத்தானை வரை கதைத்தோம், அப்புறம் இருவரும் நித்திரை. திருமலை என்று நாங்கள் சொல்லும் திருகோணமலையின் பஸ் நிலையத்தில் கண் விழித்துப் பார்த்தால், குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டபடி ஒரு புள்ளிமான். மற்ற ஊர்களில் அந்த இடத்தில் மாடு நிற்கும்.

கூட்டிப்போக வந்தவன் எங்களோடு பேராதனையில் படித்த திருமலைக்காரன். வீடு உவர்மலையில். இரண்டரை நாளில் பார்க்க வேண்டியவற்றை நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவனுடைய அம்மா இடியப்பமும் சூரை மீன் குழம்பும் வைத்துக்கொண்டே அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். "தம்பி, இது ஒரு ஊர் எண்டு நினைச்சிட்டியள் போல. இது நாலைஞ்சு ஊரை எடுத்துக் கடலுக்கால எறிஞ்ச மாதிரி" என்றார்.

அவர் சொன்னது அன்று பின்னேரமே விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் வழி தவறினால் ஒழுங்கை பிடித்து எப்படியும் வந்து சேரலாம். திருமலையில் எந்த வீதியால் போனாலும் முன்னால் கடல் வந்து நிற்கிறது. இந்தப் பக்கம் டச்சுக்குடா, அந்தப் பக்கம் உட்துறைமுகம், இன்னும் தள்ளிப்போனால் கொட்டியாரக் குடா. ஓட்டோவில் அரை மணித்தியாலம் சுற்றியதில் எனக்குக் கிழக்கு மேற்கு முற்றாக மாறிப்போயிற்று.

"மச்சான், நாளைக்கு விடிய கடலில சூரியன் எழும்புறதும் காட்டுறன், பின்னேரம் கடலில இறங்கிறதும் காட்டுறன்" என்றான் திருமலைக்காரன்.

கிழக்குக் கரையில் நின்றுகொண்டு இப்படிச் சொன்னால் யார் நம்புவது? ஆளுக்கொரு கொத்துரொட்டி பந்தயம். வவுனியாக்காரன் நடுவர்.

அடுத்த நாள் விடிய ஐந்து மணிக்கே எழுப்பிவிட்டான். கோணேசர் கோவிலுக்குப் போவதே ஒரு கோட்டைக்குள்ளால்தான். பிரெட்ரிக் கோட்டையில் இன்றைக்கும் இராணுவம் இருக்கிறது. வாசலில் நிறுத்தி, இரட்டைக் கயல் பொறித்த கல்லைக் காட்டினான். 1622இல் போர்த்துக்கேயர் கோவிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். பிறகு அது ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் பிரித்தானியர் கைக்கு வந்தது. "எல்லாரும் கோவிலைப் பாக்க மேல போகினம். பழைய கோவில் இஞ்ச சுவருக்குள்ள கிடக்கு" என்றான். பிறகு நான் மேலே போகும்வரை சுவரைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

1950இல் நகரசபையினர் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய விக்கிரகங்கள் வெளிவந்த கதையையும் படியேறும்போது சொன்னான். திருஞானசம்பந்தர் இந்த மலைக்கு வராமலே இராமேசுவரத்தில் நின்று பதிகம் பாடினார் என்பார்கள். நான் முப்பத்தைந்து வருடமாக யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வராமல் இருந்தவன், பாடவும் இல்லை.

மலையின் விளிம்பில், இராவணன் வெட்டுப் பக்கம், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஆளைத் தள்ளியது. இராவணன் வாளால் வெட்டிய பிளவு என்பது கதை. அதற்குப் பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்ன மரத்தொட்டில்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும் ஒவ்வொன்றும். மழையில் வெளிறிப்போன பழையவையும் நேற்றுக் கட்டியதுபோலப் புதியவையும் ஒன்றோடொன்று முட்டிக் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. சூரியன் எழும்பியதை நான் அந்தச் சத்தத்தோடுதான் பார்த்தேன். பந்தயத்தின் முதல் பாதி அவனுக்கு.

இறங்கி வரும்போது ஒரு கொம்பன் மான் வவுனியாக்காரனின் பின்னாலேயே வந்தது. கையில் அர்ச்சனைப் பை. அவன் படம் எடுக்கத் திரும்பிய கணத்தில் மான் பைக்குள் வாயை விட்டு வாழைப்பழத்தைத் தோலோடு இழுத்தது. அதோடு விடவில்லை, வெற்றிலை, திருநீற்றுப் பொட்டலம் சுற்றிய தாள், எல்லாம் போயிற்று. தேங்காய்ப் பாதி மட்டும் மிஞ்சியது. "பிரசாதம் சாப்பிட்ட மான்" என்று அவன் அதை அடுத்த இரண்டு நாளும் சொல்லிக்கொண்டே திரிந்தான். சிரிப்புத்தான், ஆனால் இந்த மான்கள் பொலித்தீனையும் இப்படித்தான் தின்கின்றன.

அங்கிருந்து நேரே நிலாவெளிக்குப் போய்ப் படகு பிடித்தோம். புறாமலைத் தீவு கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர். 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். கரையில் மணலைவிடச் செத்த பவளத்துண்டுகள்தான் அதிகம், வெறுங்காலோடு நடந்தால் அழுகை வரும். தண்ணீருக்குள் முகத்தை வைத்ததும் முதலில் கேட்டது கறுக் கறுக் என்ற சத்தம். கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கும் சத்தமாம். சின்னக் கறுப்புச் செட்டைச் சுறா ஒன்று எங்களைப் பொருட்படுத்தாமல் கடந்து போனது. நீச்சல் தெரியாத வவுனியாக்காரன் உயிர்காப்பு அங்கியோடு முழங்கால் தண்ணீரில் நின்று, "சுறா எந்தப் பக்கம்?" என்று கேட்டபடியே இருந்தான். வேறொரு கூட்டத்தில் இரண்டு பேர் உயிருள்ள பவளத்தின்மேல் ஏறி நின்று படம் எடுத்தார்கள். கூட வந்த வழிகாட்டி ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அன்றைய பகல் முழுவதும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பின்னேரம் முகில் மூடிவிட்டது. பந்தயம் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது.

மூன்றாம் நாள் காலை கன்னியா. ஏழு கிணறுகள், ஏழு விதமான சூடு. தாயின் அந்தியேட்டிக் கிரியைக்காக இராவணன் உண்டாக்கியது என்பார்கள். ஆளுக்கு நாலு வாளி ஊற்றிக்கொண்டு வந்தோம். கச்சான் காலத்து வெயிலில் வெந்நீர்க் குளிப்பு என்பது ஒரு தண்டனை.

கிண்ணியாவுக்குப் போனது தயிருக்காக மட்டுமே, மறைப்பானேன். போகும் வழியில் சீனன்குடா. காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன ஏறக்குறைய நூறு எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் இடம். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருமலையில் குண்டு போட்டபோது அதில் ஒன்று எரிந்துபோனது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, 396 மீற்றர் நீளம். அதற்கு முதல் எல்லாம் பாதைதான், அதாவது மிதவைப் படகு. வரிசையில் நின்று உருகிய ஐஸ்பழங்களின் கதையைத் திருமலைக்காரன் பாலம் முடியும்வரை சொன்னான். தயிர் சட்டியோடு வாங்கினோம். எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது, மேலே விரலளவு ஆடை. கித்துள் பாணி ஊற்றி, கரண்டி இல்லாமல் சட்டி மூடியால் வழித்துத் தின்றோம்.

மாலை ஆறு மணிக்கு முன்னரே உட்துறைமுக வீதியில் போய் இருந்தோம். கடற்படைக் கப்பல்கள், நடுவில் ஒரு சின்ன வள்ளம், தண்ணீர் எண்ணெய்போல அசையாமல். உண்மைதான், இந்தக் குடா மேற்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கிழக்கிலங்கையில் நின்று தண்ணீருக்கு மேலே சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் முழுக்கச் சிவந்து, நாங்கள் இருந்த சீமெந்துக் கட்டுமட்டும் வந்தது.

ஆனால் சூரியன் கடைசியில் போனது அக்கரை மலைகளுக்குப் பின்னால்.

"கடலுக்குள்ள விழேல்லை, மலைக்குப் பின்னால போச்சு" என்றேன்.

"தண்ணி சிவந்ததோ இல்லையோ?"

நடுவர் நீண்ட நேரம் யோசித்து, இதற்குத் தீர்ப்புச் சொல்லப் பசிக்கிறது என்றான். கடையில் மூன்று கொத்து, மூன்று பிளேன்ரீ. பில் வந்த நேரம் திருமலைக்காரன் கை கழுவப் போயிருந்தான்.