திருமலையில இருந்துகொண்டு சூப்பர்கண்டக்டருக்கு ஹீட் கெப்பாசிட்டி எடுத்தது

இதப்பற்றிக் கேக்கிற கேம்பஸ் பெடியள் கூடிட்டினம், ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் மெசேஜ் போட்டுக் களைச்சுப்போனன், அதால ஒரேயடியா எழுதி விடுறன்.

சாம்பிள் வை.பி.சி.ஓ., அதாவது யிற்றியம் பேரியம் கொப்பர் ஒக்சைட். 1987ல கண்டுபிடிச்ச சாமான், 92 கெல்வின் (கெல்வின் எண்டா மைனஸ் 273 டிகிரியில இருந்து எண்ணுறது) கிட்டவே சூப்பர்கண்டக்டரா, அதாவது கரண்ட் தடையில்லாம ஓடுற சாமானா மாறிடும். லிக்விட் நைட்ரஜன் 77 கெல்வின், அதுக்குள்ள போட்டாலே காணுமே, பிறகேன் 2 கெல்வின் வரைக்கும் இறங்கோணும் எண்டுதான் எல்லாரும் முதல் கேக்கிறது. 92ல ஹீட் கெப்பாசிட்டியில (ஒரு சாமானை ஒரு டிகிரி ஏத்த எவ்வளவு சூடு வேணும் எண்ட கணக்கு) ஒரு ஜம்ப் வாறது உண்மைதான், ஆனா அந்த ரெம்பரேச்சரில அணுக்கள் அதிருறதுதான் கிட்டத்தட்ட முழுக்கணக்கும், ஜம்ப் அதில ஒரு 2-3 வீதம். அரிசி மூட்டைய நிறுத்துப்போட்டு உள்ள எவ்வளவு கல்லுக் கிடக்கு எண்டு சொல்லுற வேலை. கீழ இறங்க இறங்க அதிர்வின்ட பங்கு ரெம்பரேச்சரின்ட கியூப் கணக்கில விழுந்துபோகும், எலக்ட்ரோன்ட பங்கு அப்பதான் வெளிய தலைகாட்டும்.

சாம்பிள் செய்யிறது பெரிய வித்தை இல்ல, பொறுமை வேணும். யிற்றியம் ஒக்சைட், பேரியம் கார்பனேட், கொப்பர் ஒக்சைட் மூண்டையும் அரைச்சு 900 டிகிரிக்கு மேல சுட்டு, திரும்ப அரைச்சு, திரும்பச் சுட்டு, கடைசியா ஒட்சிசன் ஓடவிட்டு மெல்ல மெல்ல ஆறவிடோணும், ஒட்சிசன் பத்தாட்டி அது சும்மா கறுப்புக் கல்லு. சூப்பர்கண்டக்டர் எண்டா அதுக்கு மேல காந்தம் மிதக்கும், அதப் பாக்க நைட்ரஜன் கிடைச்சது மாட்டுக்கு சினை ஊசி போடுற ஒரு அண்ணையிட்ட, விந்து வைக்கிற ஃப்ளாஸ்கில இருந்து கொஞ்சம் ஊத்தித் தந்தார். மிதந்துது. மாட்ட விட்டுட்டு அவரும் நிண்டு பாத்தவர்.

எங்கட ஊரில உண்மையான சத்துரு ஈரம்தான். வாடைக்காத்து துவங்கி மழை பிடிச்சா உப்புவெளிப் பக்கம் சுவரே வேர்க்கும், இந்தச் சாமான் ஈரம் பட்டா பேரியம் பிரிஞ்சு மேல வெள்ளையா பூத்துடும். சிலிக்கா ஜெல் போட்ட போத்தில், மூடிக்கு டேப், அதுக்கு மேல இன்னொரு பை. இதில கஞ்சத்தனம் பாக்காதேங்கோ.

2 கெல்வினுக்கு இறக்கிற ஹீலியம் மெஷின் கிடைச்சது இந்தியாவில ஒரு லப்பில. துண்டை பார்சல்ல அனுப்பினன், மெஷின் ஓட்டின அக்கா வட்ஸ்அப்பில டேட்டா அனுப்பினா. அங்க நடக்கிறது இதுதான்: நெல்லுமணி அளவு மேடை ஒண்டு மெல்லிய வயருகளில தொங்கும், அடியில ஹீட்டரும் தெர்மோமீட்டரும். முதல்ல கிரீஸ் மட்டும் தடவி அளப்பினம், பிறகு அதே கிரீஸுக்கு மேல துண்டை வச்சு அளப்பினம், ரெண்டையும் கழிச்சாத்தான் துண்டின்ட கணக்கு. கொஞ்சம் சூடு குடுத்து ரெம்பரேச்சரை 1-2 வீதம் ஏத்திவிட்டு, அது எவ்வளவு வேகமா ஆறுது எண்ட வளைவில இருந்து ஹீட் கெப்பாசிட்டிய எடுக்கிறது. "உங்க சாம்பிள் கிரீஸை குடிக்குதுங்க, அடிப்பக்கம் நல்லா தேச்சு அனுப்புங்க" எண்டு அக்கா சொன்னா, பீங்கான் மாதிரிச் சாமான், உள்ள முழுக்க ஓட்டை, துண்டு மேடையோட ஒட்டாட்டி ஒண்டுக்குப் பதிலா ரெண்டு ஆறல் வேகம் கலந்து வந்து நம்பர் கெட்டுடும். பெரிய துண்டு வச்சா சிக்னல் கூடும் ஆனா சூடு சமனாக நேரம் எடுக்கும், சின்னத்துண்டெண்டா மேடையின்ட கணக்கே அத விழுங்கிடும். 20-30 மில்லிகிராம் சரியா வந்துது.

டேட்டா வந்த பிறகு வீட்டு மேசையில இருந்து செய்யிற வேலைதான். சீயை (ஹீட் கெப்பாசிட்டி) ரீயால (ரெம்பரேச்சர்) பிரிச்சு, ரீ ஸ்குவயருக்கு எதிரா கீறினா நேர்கோடு வரோணும், சரிவு அதிர்வைச் சொல்லும், கோடு நிலைக்குத்து அச்சை வெட்டுற இடம் எலக்ட்ரோனைச் சொல்லும். சாதாரண சூப்பர்கண்டக்டர் எண்டா அந்த வெட்டு பூச்சியம். இதில பூச்சியம் வராது! ஆரம்ப வருசங்களில இதுக்காக எத்தினையோ பேப்பர் எழுதி அடிபட்டவை, அதில நல்ல பங்கு பேரியம் கொப்பர் ஒக்சைட் எண்ட அழுக்கால வந்தது, எக்ஸ்ரேயில கண்ணுக்குப் படாத அளவு கிடந்தாலே காணும். அதோட ஆகக் கீழ, தனிச்சு நிக்கிற கொப்பர் ஸ்பின்களால (குட்டிக் காந்தம் மாதிரி நிக்கிற கொப்பர் அணுக்கள்) கோடு மேல வளையும், அத ஷொட்கி எண்டுவினம். அந்த வளைவுக்கு ஒரு தனி டேர்ம் போடாம கோடு கீறாதேங்கோ.

இதுக்கு நல்ல வழி காந்தப்புலம் போட்டு அளக்கிறது. அதிர்வு புலத்துக்கு அசையாது, அதால புலத்தோடயும் இல்லாமலும் எடுத்துக் கழிச்சா அந்தப் பெரிய பங்கு காணாமப்போகும் (ஷொட்கி போகாது, அதுவும் புலத்தோட நகரும், கவனம்). டீ-வேவ் சூப்பர்கண்டக்டர் (எலக்ட்ரோன் சோடிகள் எல்லாத் திசையிலயும் ஒரே மாதிரிக் கட்டுப்படாம, சில திசையில தளர்ந்து நிக்கிற வகை) எண்டா எலக்ட்ரோன் பங்கு புலத்தின்ட வர்க்கமூலத்தோட கூடும் எண்டு 1993ல வொலோவிக் எண்ட பௌதிகவியலாளர் சொன்னவர், அடுத்த வருசமே மோலரும் அவவோட வேலை செய்த ஆக்களும் நல்ல ஒற்றைப் படிகத்தில அத அளந்து காட்டினவை. எங்கட டேட்டாவும் 9 டெஸ்லா (காந்தப்புலத்தின்ட அலகு) வரைக்கும் அந்த வடிவத்துக்குக் கிட்டத்தான் போகுது. ஆனா எங்கட துண்டு எல்லாப் பக்கமும் திரும்பிக் கிடக்கிற குறுணியள், ஒற்றைப் படிகம் இல்ல, அதால "நிரூபிச்சோம்" எண்டு நான் எழுதின வசனத்த சேர் என்ர தீசிஸில சிவப்பால வெட்டி "முரண்படேல்ல" எண்டு போட்டார். நானும் விட்டுட்டன்.