வடிக்காத பாஸ்தா

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு அடுப்பு என் பொறுப்பு. அன்றைக்கு மனைவிக்கு வகுப்பு. அவள் வீடு திரும்ப எட்டரை ஆகிவிடும். நானும் ஏழு வயது மகளும் ஆறரைக்கு உள்ளே நுழைவோம். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே "அப்பா, பசிக்குது" என்பாள். அந்தப் பசிக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டால் அப்புறம் இரவுச் சாப்பாடு இறங்காது. அதனால் ஏழேகாலுக்குள் தட்டு அவள் முன்னால் இருக்க வேண்டும். இரண்டு வருடமாக அந்தத் தட்டில் பெரும்பாலும் இருப்பது, ஒரே வாணலியில் செய்த சிக்கன் காய்கறி பாஸ்தா.

முன்பெல்லாம் மூன்று பாத்திரம் வைத்துச் செய்வேன். ஒன்றில் பாஸ்தா வேகும், ஒன்றில் சிக்கன் வறுபடும், இன்னொன்றில் தக்காளி சாஸ் கொதிக்கும். பாஸ்தா வெந்ததும் பெரிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய், பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்த வடிகட்டியில் கவிழ்க்க வேண்டும். ஒருநாள் அப்படிக் கவிழ்க்கும்போது ஆவி எழும்பி மணிக்கட்டில் அடித்தது. கை தானாக உதறிக்கொண்டது. பாஸ்தாவில் பாதி தொட்டிக்குள் போய்விட்டது. மகள் என் இடுப்பளவு உயரத்தில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. இருந்தாலும் அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. கொதிக்கிற தண்ணீரை ஏந்திக்கொண்டு நடக்கிற வேலையே இந்தச் சமையலறையில் இனி வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அதற்கப்புறம்தான் அந்த வடித்த தண்ணீரைப் பற்றி யோசித்தேன். பாஸ்தா வெந்த தண்ணீர் வெள்ளையாக, கலங்கலாக இருக்கும். பாஸ்தாவிலிருந்து கரைந்து வந்த மாவுச்சத்து அது. அதைக் கொட்டிவிட்டு, சாஸ் கெட்டிப்படவில்லையே என்று பக்கத்து அடுப்பில் சோள மாவைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து போகாமல் பிடித்து வைப்பதும், சாஸைப் பாஸ்தாவின் மேல் ஒட்ட வைப்பதும் அந்தக் கலங்கல்தான். அதை வாணலியை விட்டு வெளியே விடாமல் இருந்தால் போதும். பாஸ்தா குடிக்கிற அளவும் சாஸாக நிற்கிற அளவும் சேர்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒரு சொட்டும் வடிக்கக் கூடாது. மற்றதெல்லாம் அவரவர் கைப்பக்குவம்.

அந்த அளவைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று புதன்கிழமைகள் ஆயின. முதல் வாரம் 250 கிராம் பென்னேக்கு, அதாவது சின்னக் குழாய் வடிவப் பாஸ்தாவுக்கு, ஒரு லிட்டர் ஊற்றினேன். "இது சூப்பாப்பா?" என்று கேட்டாள் மகள். வற்றட்டும் என்று கொதிக்க விட்டதில் பாஸ்தா குழைந்தே போனது. அடுத்த வாரம் அரை லிட்டர். வெளியே வெந்து நடுவில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக நின்றது. மூன்றாவது வாரம் 700 மில்லி. சரியாக வந்தது. காய்ந்த பாஸ்தா வெந்து முடியும்போது எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அப்படியென்றால் 250 கிராம் பாஸ்தாவே 300 மில்லிக்குமேல் குடித்துவிடுகிறது. மீதியில் ஒரு பங்கு ஆவியாகப் போகும், ஒரு பங்கு சாஸாக நிற்கும். என் வாணலி 28 சென்டிமீட்டர் அகலம், அடி தட்டை. உங்களுடையது இதைவிட அகலமென்றால் ஆவி வேகமாகப் போகும். அதனால் கெட்டிலில் ஒரு டம்ளர் வெந்நீர் எப்போதும் தயாராக இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, பாஸ்தா வேகாமல் ஊற ஆரம்பித்துவிடும்.

சிக்கனுக்கு வருகிறேன். இங்கேதான் அவசரப்படக் கூடாது.

நான் வாங்குவது எலும்பில்லாத தொடைக்கறி, 350 கிராம். நெஞ்சுக்கறியிலும் செய்து பார்த்திருக்கிறேன். பாஸ்தாவோடு சேர்ந்தே வேகட்டும் என்று கால் மணி நேரம் உள்ளேயே விட்டதில், நார் நாராகப் பிரிந்து, மெல்ல மெல்ல வாய் வலித்தது. தொடைக்கறியில் கொழுப்பு அதிகம், இரண்டு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் மென்மையாகவே இருக்கும். வேலை முடிந்து வந்த களைப்பில் சமைக்கிறவருக்கு அந்த இரண்டு நிமிடச் சலுகை பெரிய விஷயம்.

பச்சைச் சிக்கனைக் குழாய்த் தண்ணீரில் கழுவும் பழக்கத்தை விட்டுவிட்டேன். கழுவும்போது தெறிக்கும் திவலைகளோடு கிருமிகளும் தொட்டி, மேடை, பக்கத்திலுள்ள கீரை என எல்லா இடத்திலும் போய் உட்காருகின்றன. அவற்றைக் கொல்வது சூடுதான், தண்ணீர் இல்லை. காகிதத் துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுக்கிறேன். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஈரம் இருக்கும் வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. அந்த நல்ல பழுப்பு நிறமும் மணமும் வருவதற்கு ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். புரதத்தின் அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறம் மாறுவதை 1912இல் விவரித்தவர் மெய்யார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவர் பெயரிலேயே அதை இன்றும் சொல்கிறார்கள். ஈரச் சிக்கனை வாணலியில் போட்டால் அது வறுபடாது, தன் தண்ணீரிலேயே அவியும். நிறம் வெளுத்தே இருக்கும்.

அதனால் ஒற்றி எடுத்த துண்டுகளில் உப்பும் மிளகும் தூவி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் சூடானதும் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி வைக்கிறேன். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று நிமிடம் புரட்டக் கூடாது, அசைக்கக் கூடாது. சீக்கிரம் புரட்டினால் தோல் உரிவது மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். பழுப்பு நிறம் வந்துவிட்டால் அதுவே அடியை விட்டு விலகும். மறுபக்கம் இரண்டு நிமிடம். அப்போது உள்ளே முழுசாக வெந்திருக்காது, வெந்திருக்க வேண்டியதும் இல்லை. சுத்தமான தட்டில் எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன். பச்சைக் கறி இருந்த தட்டை மறுபடி எடுக்கவே கூடாது.

இப்போது வாணலியைப் பாருங்கள். அடியில் பழுப்பாக, அங்கங்கே கறுப்போரம் கட்டி ஒரு படலம் ஒட்டியிருக்கும். அடிப்பிடித்துவிட்டது என்று நினைத்து முதல் தடவை நான் அதைத் தேய்த்துக் கழுவியே விட்டேன். சிக்கனின் ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. பொடியாக நறுக்கிய வெங்காயத்தை அதன் மேல் போட்டதும் வெங்காயம் தண்ணீர் விடும். மரக் கரண்டியால் சுரண்டச் சுரண்டப் படலம் இளகி, வெங்காயமெல்லாம் தேன் நிறமாக மாறும். நாலு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி ஆரிகானோ, கொஞ்சம் மிளகாய்ச் சீவல். பூண்டு மணம் வந்ததும் நறுக்கிய தக்காளி இரண்டு, தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டி. விழுது செங்கல் நிறத்துக்கு வரும்வரை வதக்கினால் பச்சை வாடை போய்விடும்.

காய்கறியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எது வேக நேரமாகுமோ அது முதலில். கேரட்டை அரைவட்டமாக மெலிதாக நறுக்கிப் பாஸ்தாவோடு போடுவேன். குடைமிளகாய் கடைசி ஐந்து நிமிடத்தில். உறைந்த பட்டாணியும் ஒரு கைப்பிடி பாலக்கும் இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால். மகள் பச்சைக் குடைமிளகாயைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கிவிடுவாள், சிவப்பை மட்டும் தின்பாள். நானும் கொஞ்ச நாள் அதட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, பச்சை என்பது பெரும்பாலும் பழுக்காத காய், சிவப்பு அதே காய் பழுத்தது. இனிப்பு அதில் கூடுதல். அவள் நாக்கு சொன்னது சரி. இப்போது சிவப்பு மட்டும்தான் வாங்குகிறோம்.

சரி, பாஸ்தா. வாணலியில் பென்னேயைக் கொட்டி, கேரட் போட்டு, 700 மில்லி வெந்நீரை ஊற்றுவது ஏறக்குறைய ஆறே முக்கால் மணிக்கு. உப்பு அரைத் தேக்கரண்டிதான். வடிக்கிற முறையில் உப்பில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். இதில் போட்டதெல்லாம் வயிற்றுக்குத்தான். கடைசியில் சேர்க்கிற சீஸிலும் உப்பு இருக்கிறது. அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இங்கிருந்து மகளின் வேலை தொடங்குகிறது. முக்காலியில் ஏறி நிற்பாள், நான் பின்னால் ஒட்டி நிற்பேன். கையில் நீளமான மரக் கரண்டி. முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளற வேண்டும். அந்தச் சமயத்தில்தான் பாஸ்தாவின் மேல் மாவு இளகிப் பசையாகி ஒன்றோடொன்று ஒட்டும். அதைத் தாண்டிவிட்டால் நிமிடத்துக்கு ஒரு கிளறல் போதும். மூடியைச் சற்று விலக்கி வைத்து மிதமான தீயில் விடுகிறோம். பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால் இந்த முறையில் 13 நிமிடம் பிடிக்கும். தண்ணீர் குறைவு, பற்றாததற்குத் தக்காளி வேறு.

எட்டாவது நிமிடம் சிக்கனையும் தட்டில் ஊறியிருக்கும் சாற்றையும் சேர்த்துக் கொட்டுவேன். குடைமிளகாயும் அப்போதே. அந்தச் சாறு நன்றாகக் கொதிக்க வேண்டும் என்பதால்தான் இதைக் கடைசிக்குத் தள்ளுவதில்லை. சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பெரிய துண்டாகப் பார்த்து நடுவில் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். குழந்தை சாப்பிடுகிற சாப்பாட்டில் நான் கண்ணை மட்டும் நம்புவதில்லை.

அப்புறம் நாங்கள் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். தண்ணீர் நிறைய இருக்கும்போது கொதி சலசலவென்று இருக்கும், குமிழிகள் சின்னச் சின்னதாக வந்து உடனே உடையும். மாவுச்சத்து ஏற ஏறக் குமிழிகள் பெரிதாகும், மெதுவாக எழும்பி, ஒரு நொடி பளபளவென்று நின்று, "பொளக்" என்று உடையும். சத்தம் கனத்துவிடும். கரண்டியை அடியில் வைத்து ஒரு கோடு இழுத்தால் வாணலியின் அடி தெரிந்து, இரண்டு பக்கமிருந்தும் சாஸ் மெல்ல வந்து மூடும். அந்தக் கட்டத்தை என்னைவிட முன்னால் பிடிப்பது அவள்தான். "அப்பா, சத்தம் மாறிடுச்சு" என்பாள். உடனே பட்டாணி, பாலக். ஒரு நிமிடம். அடுப்பை அணைத்துவிடுவேன். அப்போது பார்க்கச் சாஸ் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். கெட்டியாகட்டும் என்று இன்னும் கொதிக்க விட வேண்டாம், ஆற ஆறத் தானே இறுகும்.

அடுப்பை அணைத்த பிறகுதான் சீஸ். கொதியில் போட்டால் அதன் புரதம் திரண்டு கட்டியாகி எண்ணெயைக் கக்கிவிடும். ஒரு நிமிடம் ஆறவிட்டு, துருவிய பார்மசான் 40 கிராமை மூன்று தடவையாகத் தூவிக் கிளறினால் சாஸ் வழவழவென்று கூடிவரும். அரை எலுமிச்சைச் சாறு கடைசியில். மூடி போட்டு மூன்று நிமிடம். அதற்குள் அவள் தட்டும் முள்கரண்டியும் எடுத்து வைத்திருப்பாள்.

முதல் வாயைச் சாப்பிட்டுவிட்டு அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். கால்களை நாற்காலிக்குக் கீழே ஆட்ட ஆரம்பிப்பாள். எனக்கு அது போதும்.

மனைவியின் பங்கை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவோம். மறுநாள் டப்பாவுக்கு உள்ளதும் ஆறியதும் ஃபிரிட்ஜுக்குப் போய்விடும், இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைப்பதில்லை. அவள் வந்ததும் அதே வாணலியில் மூன்று கரண்டி தண்ணீர் தெளித்து, சின்னத் தீயில் சூடாக்குவேன். இறுகிப் போயிருந்த சாஸ் தண்ணீர் பட்டதும் மறுபடி இளகி, பாஸ்தாவைச் சுற்றிப் பளபளக்கும். போன புதன்கிழமை அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, படுக்கையில் தூங்கிவிட்டாள் என்று நான் நினைத்திருந்த மகள் எழுந்து வந்து கதவோரம் நின்றாள்.

"அம்மா, இன்னைக்குச் சத்தம் மாறினதை நான்தான் முதல்ல கேட்டேன்."

"அப்படியா? வா, வந்து பக்கத்துல உட்காரு" என்று மனைவி தன் தட்டிலிருந்து ஒரு பென்னேயை எடுத்து ஊட்டினாள்.