கிணற்றுக்குள் வளரும் மலேரியா நுளம்பு

2016க்கு முன் இலங்கையில் உள்ளூரிலேயே தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது. அந்த ஆண்டு முடியுமுன்னே மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற மலேரியா நுளம்பு பிடிபட்டது, அதுவும் கிணறுகளில்.

நமக்குப் பழக்கமான மலேரியா நுளம்பான குலிசிபேசிஸ் வற்றும் ஆற்றுப்படுகைக் குட்டைகளில் முட்டையிடும். ஸ்டெபன்சிக்குக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் மாடித் தாங்கியும் போதும். கோடையில் சனம் தண்ணீரைச் சேர்த்து வைக்க வைக்க அதற்கு வசதிதான். ஆபிரிக்க நாடான ஜிபூட்டியில் இது முதலில் தென்பட்ட 2012இல் அந்நாட்டில் 27 மலேரியா நோயாளிகள். 2020இல் 73,000ஐத் தாண்டிவிட்டது. இங்கே வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு வருபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

என்னைக் கவலைப்படுத்துவது, டெங்கு நுளம்புச் சோதனையில் இது தவறிப்போவதுதான். ஒரே தொட்டியில் டெங்கு நுளம்பான ஈடிசும் ஸ்டெபன்சியும் சேர்ந்தே வளரும். குடம்பியைக் கண்டதும் "டெங்கு" என்று எழுதிவிட்டுப் போனால் தீர்ந்தது. வெள்ளைத் தட்டில் ஊற்றி, வெயிலில் பக்கவாட்டாகப் பாருங்கள். ஈடிஸ் குடம்பி மூச்சுக்குழலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனோபிலிசுக்கு அந்தக் குழல் இல்லை. நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடையாகக் கிடக்கும். எந்த அனோபிலிஸ் என்று உறுதிசெய்ய, அதே கிணற்று நீரோடு உயிருடன் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, நுளம்பாக வளர்த்துப் பார்க்க வேண்டும்.

கிணற்றில் பார்ப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. நிழல் விழுந்தாலோ நீர் அசைந்தாலோ குடம்பிகள் கீழே போய்விடும். ஆகவே எட்டிப் பார்க்காமல், கயிறு கட்டிய வாளியைச் சுவரோரமாக மெதுவாக இறக்கிச் சாய்த்து மேல்நீரை மட்டும் அள்ளுங்கள். சில நிமிடம் விட்டு, வேறொரு பக்கத்தில் மறுபடி. நடுவில் மொண்ட ஒரே வாளியை வைத்து "இல்லை" என்று எழுதுவது சரியல்ல.

குடிநீரில் குடம்பியைக் கொல்லும் டெமிபொஸ் மருந்தைப் போடுவதானால் லீற்றருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 1 சதவீதம் மருந்துள்ள மணல் குருணையில் அது 1,000 லீற்றருக்கு 100 கிராம். ஒன்றரை மீற்றர் விட்டமும் 2 மீற்றர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 3,500 லீற்றர் இருக்கும். 350 கிராம் வேண்டும். கண்மதிப்பில் ஒரு பிடி போட்டால் குறைந்துபோகும், அல்லது கூடிவிடும்.

பாவனையில் உள்ள கிணற்றுக்குக் குடம்பியைத் தின்னும் கப்பி மீன் நல்லது. ஆனால் குளோரின் போட்டால் மீன் செத்துவிடும். கிணறு இறைக்கும்போதும் மீன் போய்விடும். இரண்டுக்கும் பிறகு மீனை மீண்டும் விட ஆள் வேண்டும். தாங்கியில் மூடி மட்டும் போதாது: வெயிலில் நெளிந்த மூடியின் இடுக்கு, வழிகுழாய், காற்றுக்குழாய் மூன்றையும் நுளம்பு வலையால் அடைக்க வேண்டும். வழிகுழாயைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.